அலமாரியில் பதினோரு அச்சு

மார்ச் 4

பாலிஷ் மோட்டாரின் துணிச் சக்கரத்தைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன். அதற்கு இப்போது ஒரு அவசியமும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அண்ணன் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

கடை பூட்டித்தான் கிடக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டுகிறார்கள். பல் செட்டுக்கு முன்பணம் கொடுத்தவர்கள். அலமாரியில் பதினோரு அச்சு உட்கார்ந்திருக்கிறது. பதினோரு பேருடைய வெறும் ஈறு, வெள்ளைப் பிளாஸ்டரில். ஏழில் மெழுகின் மேல் பல் அடுக்கி முடித்தாயிற்று. நான்கு இன்னும் மொட்டை.

உயிலில் வீட்டை அண்ணிக்கு எழுதிவிட்டு, அதை நிறைவேற்றித் தரும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார். ஏன் என்னை என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அவ அழுவா, இவ கணக்குப் பாப்பான்னு சொன்னாரும்மா." நல்ல பாராட்டு. எனக்கு அழ வராது என்று யார் சொன்னது?

சாயங்காலம் அண்ணி மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள். "கடனெல்லாம் போக வீடு நிக்குமா?"

"நிக்கும் அண்ணி."

எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கீழே கடை, மேலே அண்ணியின் இரண்டு அறை, பின்பக்கம் என் அறை. புருஷன் வேண்டாம் என்று பெட்டியோடு வந்து நின்ற நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாக, அந்த அறை.

மார்ச் 6

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரை போட்டுத் தருவதற்குப் பெயர் புரோபேட். அதற்கு மனு போட்டாயிற்று. அண்ணனுக்குக் கடன் கொடுத்தவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று பேப்பரில் விளம்பரமும் வந்துவிட்டது. அண்ணன் பெயரைப் பேப்பரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"செத்தவரோட கடன் உங்களோடது இல்ல, உங்க அண்ணியோடதும் இல்ல. அவர் விட்டுப்போன சொத்தோடது. முதல்ல கடன் போகும். மிச்சம் இருந்தாத்தான் உயில் பேசும்" என்றார்.

இறுதிச் சடங்குச் செலவு, கோர்ட் செலவு இரண்டும் எல்லாவற்றுக்கும் முன்னால். வீட்டை அடமானம் பிடித்த வங்கிக்கு வீட்டின் மேலேயே பிடி இருக்கிறது. அது வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிறகு வேலை செய்தவர்களின் கடைசி மூன்று மாதக் கூலி. அதற்குப் பிறகு மற்ற எல்லாரும் சமம். சொத்து போதாவிட்டால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு.

"யார் வந்து அழுதாலும் இப்ப ஒத்தைக் காசு குடுக்கக் கூடாது. ஒருத்தருக்கு முந்திக் குடுத்தீங்கன்னா அது உங்க கைக்காசுல இருந்து போகும். புரியுதா?"

புரிந்தது. இதில் புரியாமல் இருக்க என்ன இருக்கிறது?

மார்ச் 9

சொத்துப் பட்டியல். சூளை ஒன்று. பிரஸ் ஒன்று. பாலிஷ் மோட்டார் இரண்டு, ஒன்று ஓடாது. பித்தளைப் பெட்டி பதினான்கு. செயற்கைப் பல் பதித்த அட்டை நூற்றுச் சொச்சம். ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பவுடர் ஆறு டின்.

சூளையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பீங்கான் பல் செய்யப்போகிறேன் என்று வீட்டை வங்கியில் வைத்து வாங்கியிருக்கிறார். அது வந்த வருடமே டாக்டர்கள் எல்லாரும் பெரிய லேபுக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒருத்தர் முன்பணத்தில் இன்னொருத்தருக்குப் பல். ஏண்டா அண்ணா, பக்கத்து மேசையிலதானடா உக்காந்திருந்தேன்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு?

அண்ணன் நோட்டு என்று ஒன்று வைத்துக்கொண்டதே கிடையாது. அச்சைத் திருப்பினால் அடியில் பென்சிலால் பெயர், வாங்கிய பணம், தேதி. ரசீது கேட்டவர்களிடம் "நமக்குள்ள என்ன ரசீது" என்று சிரிப்பார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒரு தாளில் எழுதினேன்.

மார்ச் 10

வக்கீலம்மா பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "இந்த முன்பணமெல்லாம் எதப் பாத்து எழுதினீங்க?"

"அண்ணன் எழுதி வெச்சதப் பாத்துதான்."

"சரி, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார். அதற்குள் போன் வந்துவிட்டது.

மார்ச் 15

பவுடர்காரர் வந்தார். ஈறுப் பவுடர், அதைப் பிசையும் திரவம், மெழுகு எல்லாம் இரண்டு வருடமாகக் கடனுக்குக் கொடுத்தவர். வங்கியை விட்டால் பெரிய கடன் அவருடையதுதான். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மனிதர் அண்ணனின் நாற்காலியைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றார்.

"இருவது வருஷப் பழக்கம்மா. வீட்ட வித்துத்தான் என் கடன அடைக்கணும்னு நான் நெனைக்கல. பாதி குடுங்க போதும். அதையும் தவணையா குடுங்க."

வக்கீலம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் குரலே மாறிவிட்டது. பவுடர்காரர் பாதிக்கு ஒத்துக்கொண்டால் சூளையையும் பிரஸ்ஸையும் விற்று மற்றவர்களைச் சமாளித்துவிடலாமாம். வங்கித் தவணையை அண்ணி பேருக்கு மாற்றிக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாமாம். விளம்பரக் கெடு முடிந்ததும் பவுடர்காரர் கையெழுத்துப் போடுவார்.

வீடு நிற்கும்! அண்ணி இன்று இரண்டு வேளையும் சாப்பிட்டாள்.

மார்ச் 21

கேட்காரர் வந்தார். ஆலையில் முப்பது வருடம் கேட்டில் நின்று ஓய்வு பெற்றவர். துண்டால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறார். கஞ்சியும் பாலுமாக நான்கு மாதம். கழுத்து எலும்பு வெளியே தெரிகிறது.

"எழுதிக் குடுங்க, கோர்ட்டுல உங்க பங்கு வரும்" என்று வக்கீலம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்.

"பணம் வேணாம்மா. எனக்குப் பல்லுதான் வேணும்."

அலமாரியைப் பார்த்தார். அவருடைய அச்சு மூன்றாவது. மெழுகில் பல் அடுக்கி, அவர் வாயில் வைத்துச் சரிபார்த்தும் ஆயிற்று. அடுக்கியது நான்தான். இன்னும் இரண்டு நாள் வேலை. அவ்வளவுதான்.

ஒத்தைக் காசு கொடுக்கக் கூடாது என்றார். பல்லைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே?

மார்ச் 22

மெழுகை உருக்கிவிட்டேன்.

மார்ச் 24

எவ்வளவு நாளாயிற்று இப்படி வேலை செய்து. பித்தளைப் பெட்டிக்குள் அச்சைப் பதித்து, கொதிநீரில் மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் பவுடரைப் பிசைந்து அடைத்து, பிரஸ்ஸில் இறுக்கி, வேகவைத்து, ஆறவிட்டு, சுத்தியலால் பிளாஸ்டரைத் தட்டித் தட்டி உடைத்தேன். உள்ளே இருந்து பல் செட் வெளியே வந்தபோது பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

கேட்காரர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். நொறுங்கிய சத்தம் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. எனக்கும்தான்.

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'தீர்ந்தது' என்று எழுதினேன்.

ஏப்ரல் 2

கேட்காரர் சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் சிரித்துக் காட்டியிருக்கிறார். மெழுகு முடிந்திருந்த மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள். பாட்டு டீச்சர்தான் கடைசி. பல் இல்லாமல் பாடினால் காற்றுதான் வருகிறது என்று இரண்டு மாதமாக வகுப்பே எடுக்கவில்லை. இன்று செட்டை மாட்டிக்கொண்டு கடை வாசலிலேயே ஒரு வரி பாடினார். அண்ணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஏழு தீர்ந்தது. பாக்கி நான்கு. அதற்கு அளவு மட்டும்தான் எடுத்திருக்கிறது, பொருந்தும் பல் கடையில் இல்லை.

கடன் பட்டியலில் ஏழு பேரை ஒரு காசு செலவில்லாமல் அடித்துவிட்டேன். அண்ணியிடம் சொன்னேன். "நீ கெட்டிக்காரிதான்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 11

எங்கே ஆரம்பிப்பது?

பட்டியலை நீட்டியபோது எனக்கு உள்ளூரப் பெருமைதான். வக்கீலம்மா 'தீர்ந்தது' என்ற வார்த்தையின் மேல் பேனாவை வைத்தார். "இது என்ன?"

சொன்னேன்.

"பவுடர் யாரோடது?"

"கடையில இருந்தது."

"கடையில இருந்தது சொத்தும்மா. அதுக்கு இன்னும் பணமே குடுக்கல. பல்லு எல்லாமே சொத்து. ஏழு பேருக்கு முழுசா குடுத்துட்டீங்க. மத்த நாலு பேருக்கும் பவுடர்காரருக்கும் என்ன பதில் சொல்வீங்க?" கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "சரி, அவங்க எவ்வளவு முன்பணம் குடுத்தாங்கன்னு உங்க அண்ணன் எழுதின நோட்டயாவது குடுங்க."

"நோட்டு இல்லம்மா. அச்சோட அடியில எழுதியிருப்பார்."

"அந்த அச்சு எங்க?"

"உடைச்சிட்டேன்."

"உடைச்சிட்டீங்களா?"

"உடைக்காம பல்லு எப்படிம்மா வெளிய வரும்?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. பாவமாகப் பார்த்தார். ஏழு பேர் கொடுத்த கடனுக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதானாம். நானே சுத்தியலை எடுத்து — ஐயோ, எவ்வளவு பெரிய முட்டாள் நான்! குப்பைத் தொட்டியில் போய்த் தேடினேன். பொடிதான் இருக்கிறது.

"மீதி நாலையாவது தொடாதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

ஏப்ரல் 13

அண்ணியிடம் நேற்று சொல்ல முடியவில்லை. இன்று சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"பதினொண்ணுன்னு யாருக்குத் தெரியும்? நாலுன்னு எழுதிக் குடு. பல்லு வாங்கினவங்க வந்து சொல்லப்போறாங்களா?"

சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம். கேட்காரர் எனக்காகத் தலையைக்கூடக் கொடுப்பார்.

வக்கீலம்மாவைக் கேட்டேன். "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடறது நீங்க. நான் பொய் எழுத மாட்டேன். வேற வக்கீல் வேணும்னா பாத்துக்கங்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 17

கோர்ட்டுக்குக் கொடுக்கும் கணக்கில் உண்மையை எழுதினால், நகல் போய்ப் பவுடர்காரர் பார்ப்பார். பார்த்தால் பாதிக்கு ஒத்துக்கொள்வாரா? மறைத்தால் வீடு நிற்கும். மறைத்தது பிறகு தெரிந்தால்?

அண்ணி படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் போகும்போதும் வரும்போதும் புடவையை ஒதுக்கி வழி விடுகிறாள்.

ஏப்ரல் 20

உண்மையையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழு செட், யார் யாருக்கு, என்ன தேதியில், எத்தனை டின் பவுடரில். அச்சை உடைத்ததையும்.

நேர்மை கீர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். பயந்துவிட்டேன். பாதி பயம். மீதிப் பாதி, அண்ணன் செய்த அதே வேலையை நானும் செய்ய வேண்டுமா என்ற ஆத்திரம். ஒருத்தர் ஓட்டையை இன்னொருத்தருக்குத் தெரியாமல் அடைத்து அடைத்துத்தானே மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அண்ணியிடம் சொன்னேன். "உனக்கென்ன, நீ எங்க வேணா போயிடுவ" என்றாள்.

நான் எங்கே போவேன் அண்ணி?

ஏப்ரல் 28

பவுடர்காரர் கணக்கின் நகலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பாதிக்கு எறங்கி வந்தேன். நீங்க என் பவுடர்லயே ஏழு பேருக்குப் பல்லு கட்டி நல்ல பேர் வாங்கிட்டீங்க."

"பணம் எதுவும் வாங்கலங்க. அவங்க குடுத்த முன்பணத்துக்குத்தான்."

"அதுக்கு ஆதாரம் எங்க? அச்ச உடைச்சிட்டேன்னு எழுதியிருக்கீங்க. இன்னும் என்னென்ன உடைச்சீங்களோ, எனக்கெப்படித் தெரியும்?"

"அச்ச உடைக்காம பல்லு வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்துவிட்டது. இந்தத் தொழிலிலேயே கிழமாகிப்போன மனிதர். அவருக்குத் தெரியாதா!

"தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது" என்றார்.

முழுக் கடனும் வேண்டுமாம். ஒத்துக்கொண்டதை எல்லாம் மறந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மே 19

கோர்ட். முழுக் கடனுக்கு மற்ற சொத்து போதாது. வீட்டை விற்க உத்தரவு. நான் கொடுத்த ஏழு செட்டின் மதிப்பை என் பொறுப்பில் எழுதிக்கொண்டார்கள். நான்கு அச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அதிகாரி, 'மதிப்பு இல்லை' என்று குறித்தார்.

மே 20

அண்ணி சமைக்கவில்லை. நான் சமைத்ததைத் தொடவும் இல்லை.

ஜூன் 14

வீடு பார்க்க ஆள் வந்தபடி இருக்கிறார்கள். செருப்போடு மேலே ஏறுகிறார்கள். ஒருத்தர் என் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஸ்டோர் ரூமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 8

இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதாவிட்டால் இன்னும் மோசமாகக் குடைகிறது.

வேலை செய்தவர்களின் கூலி மற்ற கடனுக்கு முன்னால் வரும் என்று வக்கீலம்மா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி மூணு மாசச் சம்பளத்தக் கேளுங்க. ஏழு செட்டோட மதிப்ப அதுலயே கழிச்சிடலாம். இல்லன்னா எங்க இருந்து கட்டுவீங்க?" எனக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கைச்செலவுக்குக் கேட்டால் அண்ணன் கொடுப்பார். கடையில் வேலை செய்தேன் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சாட்சி சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

அண்ணியைக் கூப்பிட்டார்கள். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். அதிகாரி கேட்டார். "இவங்க இறந்தவரோட தங்கச்சி. கூடவே இருந்தவங்க. சம்பளத்துக்கு வேலை செஞ்சவங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

அண்ணி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "வேலை செஞ்சவதாங்க. வேற உறவெல்லாம் ஒண்ணும் இல்ல."

எழுதிக்கொண்டார்கள். மூன்று மாதக் கூலி சரி என்று ஆயிற்று. ஏழு செட்டுக்கும் அதற்கும் சரியாகப் போய்விட்டது. நான் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா? மனதார அறுத்துவிடத்தான் சொன்னாளா? வெளியே வந்து கேட்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

ஆகஸ்ட் 3

வீடு போய்விட்டது. அவசர விற்பனைக்கு என்ன விலை வரும்? அதுதான் வந்தது. அண்ணியை அவள் தங்கை வந்து அழைத்துக்கொண்டு போனாள். மூன்று பெட்டி, ஒரு தையல் மிஷின். என்னிடம் சாவியைக் கொடுக்கவில்லை, ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 12

கடைசிக் கணக்கு. கோர்ட் செலவும் வங்கியும் போக, மீதியில் எல்லாருக்கும் நூற்றுக்கு முப்பத்தொன்று. நான்கு அச்சுக்காரர்களில் மூன்று பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வரவில்லை. உயில் பேசுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

பவுடர்காரருக்கும் முப்பத்தொன்றுதான். பாதி கேட்ட மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீம்புக்குப் போயிட்டேன்" என்றார். "நானும்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 30

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஏலத்தில் யாரும் எடுக்காத அந்த ஓடாத மோட்டாரை வாங்கிப் பழுதுபார்த்துவிட்டேன். பவுடர்காரர் இரண்டு டின் அனுப்பினார். கடன் வேண்டாம் என்று அப்போதே பணத்தைக் கொடுத்தனுப்பினேன்.

நவம்பர் 27

மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. அண்ணி.

வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள். முன்பல் நான்கும் போயிருந்தது. அண்ணன் பத்து வருடத்துக்கு முன் கட்டியது. உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். இளைத்துவிட்டாள். தங்கை வீட்டில் அவளுக்கு என்ன வேலையோ. நான் கேட்கவில்லை.

"எவ்வளவு ஆகும்?" என்றாள்.

"அண்ணி, என்ன இது —"

"எவ்வளவு ஆகும்னு கேட்டேன்."

சொன்னேன். பாதியை எண்ணி மேசைமேல் வைத்தாள். "ரசீது குடு."

புத்தகத்தை எடுத்துப் பெயர், பணம், தேதி எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு அளவு எடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, பசை வைத்த தட்டை உள்ளே அழுத்தி, மூன்று நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் பேச முடியாது. இரண்டு பேராலும் வேறெங்கும் பார்க்கவும் முடியாது. அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அளவு எடுக்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான் வரும். என் கண்ணில் ஏன் வந்தது என்றுதான் தெரியவில்லை. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

போகும்போது வாசலில் நின்று அறையை ஒருதடவை சுற்றிப் பார்த்தாள். "வெளிச்சம் பத்தாது உனக்கு" என்றாள்.

பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் திருப்பினேன். பென்சில் தானாகக் கைக்கு வந்தது. பணத்தை எழுதவில்லை, அது ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது. அடியில் 'அண்ணி' என்று மட்டும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மெழுகு பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.